ஒரே மெட்டு, மூன்று வேகம்

ஆங்கிலத்தில் நான்கு பக்கத்துக்கு வந்த ஒரு நோட்டீஸை இளமதி வென்றாள். மூன்று கட்டைகள் செத்துப்போன ஒரு கீபோர்டை வென்றாள். தினம் இரண்டு மணி நேரம் போய்க்கொண்டிருந்த கரண்டை வென்றாள்; அதில் முதலில் தோற்றுத்தான் போனாள், அந்தத் தோல்வியே ஜெயமாக மாறிவிட்டது. சிவகாமசுந்தரி என்ற எட்டெழுத்துப் பெயரை, ரவி என்ற இரண்டெழுத்துப் பெயர் உட்காரும் அதே இடத்தில் முழங்கை இடிக்காமல் உட்கார வைத்து வென்றாள். எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவில் 'நீ பாடாதே, வாயை மட்டும் அசை' என்று சொன்ன டீச்சரை, ஒன்பது வருடம் கழித்து அந்த டீச்சரே மகன் பிறந்தநாளுக்கு ஃபோட்டோவோடு மாடிப்படி ஏறி வந்து நிற்கும்படி வென்றாள். முதலாளியை வென்றாள், அவர் முகம் சுருங்காமல். கடைசியாகச் சொந்த அண்ணனையும் வென்றாள். தங்கையிடம் தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட அண்ணன் புவனகிரியில் வேறு யாரும் இல்லை. அவன் பெயர் தேவநாதன்.

தேவநாதன் 2004-இல் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிப்பை முடித்தான். ஃபேக்டரி வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலத்தில், சிதம்பரம் கீழவீதியில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேல்மாடியில் இருந்த 'தேர்முட்டி டிவி'யில் சேர்ந்தான். பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, ஒரு மைக். கேபிள் ஆபரேட்டர் பாலகுமார் தன் கேபிளில் காலியாகக் கிடந்த ஒரு சேனலில் நடத்திய உள்ளூர் டிவி அது. காலையில் கோயில் விசேஷம், மத்தியானம் ஜவுளிக்கடை விளம்பரம், மீதி நேரமெல்லாம் வாழ்த்து. பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாண நாள், கண்ணீர் அஞ்சலி என்று எதுவானாலும் ஃபோட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். அது திரையில் சுழன்று சுழன்று வரும். பின்னால் பொருத்தமாக ஒரு சினிமாப் பாட்டு ஓடும். வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேர்முட்டி டிவியில் வராமல் ஒரு வயதைத் தாண்டிய குழந்தை கிடையாது.

2005 ஜூன் மாதம் தேவநாதனுக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. பாலகுமாருக்கு அவன் போவதில் வருத்தமில்லை, அவன் இடத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போனால் சரி என்றார். வீட்டில் இளமதி இருந்தாள். பத்தொன்பது வயது, பிளஸ் டூ, ஆறு மாதம் டி.டி.பி. படிப்பு. ஜூன் 20, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளை மாடியில் விட்டுவிட்டு தேவநாதன் கம்பெனி பஸ் ஏறினான்.

அங்கேதான் ஒரு சங்கடம். பாலகுமார் ஊழியர் பட்டியல் என்று ஒன்றை டைப் அடித்து ஏதோ ஒரு ஆபீஸில் கொடுத்து வைத்திருந்தார். அதில் தேவநாதன் பெயர்தான் இருந்தது. அதை மாற்றப் போனால் நான்கு நாள் அலைய வேண்டும்.

"பாப்பா, ரிஜிஸ்டர்ல தேவநாதன்னே போட்டுட்டுப் போ. வேல செய்யறது நீதான்னு ஊருக்கே தெரியும்" என்றார்.

அப்படியே அவள் தினமும் 'சு. தேவநாதன்' என்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். போட்டுப் போட்டு அது மெருகேறிவிட்டது. 'வ'வின் வாலை அவள் சுழித்த அழகுக்கு முன்னால் தேவநாதனின் சொந்தக் கையெழுத்து நகல் எடுத்ததுபோல இருந்தது. மாடி ஏறி வருகிறவர்கள் அவளைத் 'தேவநாதன் சார்' என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். அவளும் தலையை நிமிர்த்தி, என்ன வேண்டும் என்று கட்டைக்குரலில் கேட்பாள். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். தேவநாதனுக்குத்தான் சிரிப்பு வராது. செருப்புக்குள் மாட்டிய சின்னக் கல் மாதிரி அது அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பாலகுமாரிடம் போய், தங்கை பெயரை ஏற்றும்படி கேட்பான். அவரும் அடுத்த மாதம் என்பார்.

நோட்டீஸ் வந்தது 2007 மார்ச் 10. ஒரு ஆடியோ கம்பெனியிலிருந்து பதிவுத் தபால். பாலகுமார் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிதானமாகப் படிக்கிற ஆள் என்று தேவநாதனுக்குக் கொடுத்தனுப்பினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாற்பத்து மூன்று வார்த்தைகளுக்கு அர்த்தம் பார்த்தான். சாயந்திரம் விஷயம் விளங்கியது. பாட்டுகள் எல்லாம் அந்த ஆடியோ கம்பெனிக்குச் சொந்தம். டிவியில் போடுவதானால் லைசென்ஸ் வாங்க வேண்டும். இதுவரை போட்டதற்கும் சேர்த்து வாங்க வேண்டும். அவர்கள் கேட்டிருந்த தொகைக்கு மாடியை மட்டுமல்ல, கீழே இருந்த ஸ்வீட் கடையையும் லட்டோடு வாங்கிவிடலாம்.

பாலகுமாருக்கு நியாயம் பிடிபடவில்லை. காசு கொடுத்து வாங்கின கேசட்டுக்கு இன்னொரு தரம் காசா என்று கேட்டார். தேவநாதன் நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னான்.

"கேசட்டு நம்முது மச்சான். பாட்டு அவுங்களுது. நம்ம காதுக்குத்தான் வாங்கியிருக்கோம், ஊரு காதுக்கு இல்ல."

திங்கட்கிழமை முதல் தேர்முட்டி டிவி ஊமையாகிவிட்டது. ஃபோட்டோக்கள் சத்தமில்லாமல் சுழன்றன. முதல் நாள் முழுக்க ஃபோன் ஓயவில்லை. தங்கள் வீட்டு டிவி கெட்டுவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். லைன்மேன் நான்கு நாளில் பதினோரு கம்பம் ஏறி இறங்கினார். பிள்ளை ஏன் டிவியில் 'காணவில்லை' ஃபோட்டோ மாதிரி வருகிறான் என்று ஒரு அம்மாள் வந்து சண்டை போட்டாள். வெள்ளிக்கிழமை பாலகுமார் ஒரு நாதஸ்வர சி.டி.யைக் கொண்டுவந்தார். அதன் அட்டையில் எறும்பு சைசில் அதே கம்பெனியின் பெயர் இருந்ததை இளமதி காட்டினாள். சனிக்கிழமை வெறும் சங்கொலி போட்டுப் பார்த்தார்கள். பிறந்தநாளுக்குச் சங்கா என்று ஊரே பதறிப்போய் அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை, மார்ச் 19, இளமதி வீட்டிலிருந்து கீபோர்டைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

அந்தக் கீபோர்டு புவனகிரி மெல்லிசைக் குழு ஒன்று சண்டை போட்டுக் கலைந்தபோது தேவநாதன் வாங்கியது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கினான். ஒவ்வொரு கட்டையிலும் ஸ்கெட்ச் பேனாவால் நம்பர் போட்டான், புத்தகத்தைப் பார்த்துச் சரியான நம்பரைச் சரியான நேரத்தில் அமுக்கினான், ஆனாலும் வந்தது பாட்டு இல்லை. இளமதி புத்தகத்தைப் பார்க்காமல் அமுக்கினாள், பாட்டு வந்தது. அதோடு அவன் அதை அவளுக்கே விட்டுவிட்டான். நடுவில் மூன்று கட்டைகள் எழவே எழாது. அவற்றின் மேல் கையே படாமல் வாசிக்க அவள் பழகியிருந்தாள்.

மத்தியானத்துக்குள் மெட்டு தயாராகிவிட்டது. அந்த மூன்று பள்ளங்களையும் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்ததால் அதற்கு ஒரு துள்ளல் தானாகவே வந்துவிட்டது. மழைத்தண்ணீர் தேங்கின தெருவில் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெண்பிள்ளை மாதிரி ஓடியது. அதற்கு வார்த்தையும் அவளே போட்டாள்.

வந்தாச்சு வந்தாச்சு பொறந்த நாளு
நம்ம ரவிக்கண்ணு ஊருக்கே பெரிய ஆளு

கீபோர்டின் மெமரியில் மெட்டை ஏற்றிவைத்து, பட்டனைத் தட்டிவிட்டு, பெயரை மாற்றி மாற்றி மைக்கில் பாடுவாள். ஒரே மெட்டு, மூன்று வேகம். பிறந்தநாளுக்கு நிமிஷத்துக்கு 132 தட்டு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாண நாளுக்கு 96. கண்ணீர் அஞ்சலிக்கு 58, வார்த்தை கிடையாது, வெறும் வாத்தியம். தேவநாதன் இந்த மூன்று எண்களையும் அட்டையில் சிவப்பு மையால் எழுதிச் சுவரில் ஒட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர்களைக் கூவுவான், அவள் பாடுவாள். மூன்றெழுத்து வரை நடந்து போகும். ஐந்தெழுத்து ஓடும். ஆறுக்கு மேல் போனால் ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏற வேண்டும். சிவகாமசுந்தரி முதல் நாள் ஏழு தடவை கீழே விழுந்தாள். எட்டாம் தடவை ஜன்னல் சீட்டே கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் அம்மா புஷ்பவள்ளி தோசை திருப்பியபடி, சிவகாமசுந்தரி ஏறிட்டாளா என்று கேட்டாள்.

ஒரே மாதத்தில் அந்த மெட்டு ஊரைப் பிடித்துக்கொண்டது. ஷேர் ஆட்டோ டிரைவர்கள் அதையே ஹாரனில் அடித்தார்கள். நர்சரி ஸ்கூல்களில் பிறந்தநாள் வந்தால் ஆங்கிலப் பாட்டு பாடுவது நின்றுபோனது. பாண்டு செட்காரர்கள் கல்யாண ஊர்வலத்தில் வாசித்தார்கள், அதுவும் சரியாக 96-இல். தேவநாதன் கூடவே நடந்து கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறான். பாலகுமாரோ, எங்களுக்கு எந்த லைசென்ஸும் தேவையில்லை, எல்லாம் சொந்தச் சரக்கு என்று கடைக்குக் கடை சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டரை வருஷம் இப்படிச் சுகமாக ஓடியது. 2009 நவம்பரில் கரண்டு கழுத்தறுத்தது.

கீரப்பாளையம் பக்கத்தில் ரைஸ்மில் வைத்திருந்த சின்னையன் என்ற பெரிய மனிதர் எண்பத்தாறு வயதில் காலமானார். ஏழாம் நாள் மத்தியானம் கண்ணீர் அஞ்சலி போட வேண்டும் என்று அவர் பிள்ளைகள் மாலை போட்ட படத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பன்னிரண்டு மணி வரை மின்வெட்டு. கரண்டு வந்ததும் இளமதி படத்தை ஏற்றினாள், மெட்டைத் தட்டிவிட்டாள், வார்த்தை பாடுகிற வேலை இல்லாததால் கீழே டீ குடிக்கப் போனாள். கரண்டு போய் வந்தால் அந்தக் கீபோர்டு மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் மறந்துவிடும். 58-ஐ மறந்து, தனக்குப் பிறவியிலேயே வாய்த்த 120-க்குப் போய்விடும். அதோடு கைதட்டல் சத்தத்தையும் தானாகவே சேர்த்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அவள் சரிபார்ப்பாள். அன்றைக்குப் பார்க்கவில்லை.

அவள் டீயை ஊதிக்கொண்டிருந்தபோது, டீக்கடை டிவியில் சின்னையன் மாலையும் குங்குமமுமாகக் கைதட்டலுக்கு நடுவே துள்ளித் துள்ளிச் சுழன்றுகொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு அவள் படி ஏறுவதற்குள் இரண்டு நிமிஷமும் முடிந்துவிட்டது.

சின்னையன் வீட்டிலிருந்து பாலகுமாருக்கு ஃபோன் வந்தது. தவறு செய்த ஆபரேட்டர் பெயர் தேவநாதன், நடவடிக்கை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் பின்பக்கப் படியால் இறங்கிப் போய்விட்டார். அரை மணியில் ஒரு வேன் வந்து நின்றது. சின்னையனின் மூன்று பிள்ளைகளும் ஏறி வந்தார்கள். மூன்று பேரும் மில்லில் மூட்டை தூக்கி வளர்ந்தவர்கள்.

"இங்க யாரு தேவநாதன்?"

"நான்தாங்க" என்றாள் இளமதி.

மூவரில் மூத்தவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கரண்டு போய் வந்ததையும், பெட்டி தானாக வேகத்தை மாற்றிக்கொண்டதையும், தப்பு தன்மேல்தான் என்பதையும் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். எங்கம்மா உன்னை இட்டாரச் சொல்லிச்சு, வண்டியில ஏறு என்றார் அவர். வேனில் போகும்போது புவனகிரி ஸ்டாப்பில் குதித்துவிடலாமா என்று யோசித்ததாக அவள் அன்று சாயந்திரம் அண்ணனிடம் சொன்னாள். வண்டி அந்தப் பக்கமே போகவில்லையாம்.

வீட்டில் சின்னையனின் மனைவி மங்கலம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் சோற்றுத் தட்டு. ஆறு நாளாகக் கஞ்சிக்கு மேல் எதையும் தொடாதவள், டிவியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டுச் சோறு கேட்டாளாம். பிள்ளைகள் பயந்துபோய் இருந்தார்கள்.

"வாடியம்மா" என்றாள் மங்கலம். "அறுவது வருசம் அந்த மனுசனோட நடந்தேன். ஒருநாளும் எனக்குச் சமமா மெதுவா நடந்ததில்ல. கோயிலுக்குப் போனாலும் நாலு அடி முன்னாலதான். எல்லாரும் வந்து மூக்கச் சிந்திட்டுப் போறாங்க. நீ ஒருத்திதான் அவர அவராட்டம் காட்டின. கருமாதி அன்னிக்கும் இதே வேகத்துல போடு."

கருமாதி அன்று அதே 120, அதே கைதட்டல். பந்தலில் பெரிய டிவி வைத்து எல்லோரும் பார்த்தார்கள். ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் அழுதார்கள், சில பேர் இரண்டையும் செய்தார்கள். சின்னையனின் பேரன் கதிரவன் அதைச் செல்ஃபோனில் பதிவு செய்துகொண்டான். அவன் சென்னையில் ஒரு டிவி சீரியலுக்கு அசோசியேட் டைரக்டர். அந்த சீரியல்காரர்களுக்கும் பாட்டில் சூடு பட்டிருந்தது. ஒரு கல்யாணக் காட்சியில் அனுமதி இல்லாமல் சினிமாப் பாட்டு போட்டு, அந்த எபிசோடே கடைசி நேரத்தில் நின்றுபோனதாம். அடுத்த சீரியலுக்குச் சொந்தமாக ஒரு டைட்டில் பாட்டு தேடிக்கொண்டிருந்தார்கள்.

2010 மே மாதம் கதிரவன் ஃபோன் செய்தான். டைரக்டருக்கு மெட்டு பிடித்துவிட்டது, சென்னையில் பெரிய வாத்தியங்களோடு பதிவு செய்யப்போகிறார்கள் என்றான். இளமதி ஃபோனை வைத்துவிட்டு, கண்ணீர் அஞ்சலிக்குக் காத்திருந்த ஒரு குடும்பத்துக்கு முன்னால் குதித்தே விட்டாள். பிறகு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாள். மறுவாரம் சென்னை ஸ்டுடியோவிலிருந்து கீபோர்டு வாசிக்கிறவர் பேசினார். இந்த மெட்டு நடுவில் மூன்று சுரங்களைத் தொடவே மாட்டேன் என்கிறதே, இது ஏதாவது அபூர்வ ராகமா என்று மரியாதையாகக் கேட்டார். அந்தக் கட்டை மூணும் அமுங்காதுங்க சார் என்றாள் இவள். அவர் அந்த மெட்டை ஒருதரம் ஃபோனிலேயே வாசித்துப் பார்த்தார். பிறகு, தன் கீபோர்டிலும் அந்த மூன்றின் மேல் டேப் ஒட்டிவிடுவதாகச் சொன்னார்.

எல்லாம் சரி, ஒரு பேப்பர் வேண்டியிருந்தது. அந்த சீரியலைப் போடப்போகிற பெரிய டிவி நிறுவனம், அதில் வரும் ஒவ்வொரு இசைத் துணுக்குக்கும் சொந்தக்காரரின் கையெழுத்து இல்லாமல் எதையும் ஒளிபரப்பாது. அந்தப் படிவத்தில் கேட்டிருந்தது இவ்வளவுதான்: இசையமைத்தவர் யாரிடமாவது ஊழியராக இருந்து இதைச் செய்தாரா? ஆம் என்றால் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும், உரிமையும் அவருக்கே, திரையில் வரும் பெயரும் அவர் நிறுவனத்தின் பெயர்தான். இல்லை என்றால் இசையமைத்தவரே போட வேண்டும். முதலாளி போடுவதானால் ஆதாரமாக வருகைப் பதிவேட்டின் நகலும் வேண்டும்.

படிவம் தேர்முட்டி டிவி விலாசத்துக்கு வந்தது. பாலகுமார் அதைப் பிரித்தார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. என் ரூம், என் மைக், என் கரண்டு, அப்புறம் பாட்டு மட்டும் யாருடையது என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஆனால் பதிவேட்டைத் திறந்தால் ஐந்து வருஷமும் 'சு. தேவநாதன்' என்றே இருந்தது. இளமதி என்று ஒருத்தி அங்கே வேலை செய்ததற்கு ஒரு புள்ளிகூட இல்லை. அவர் இரண்டு நாள் யோசித்தார்.

ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை, அரைக் கிலோ ஜாங்கிரியோடு புவனகிரிக்கு வந்தார். அக்குளில் ஒரு புத்தம் புதிய பதிவேடு. பிரித்தால் 20.06.2005 முதல் அன்று வரை தேதி போட்டுக் கோடு கிழித்து, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'சு. இளமதி, நிகழ்ச்சிப் பொறுப்பாளர்' என்று அழகாக எழுதியிருந்தது. அவள் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டால் போதும். வேலை நிரந்தரம், சம்பளமும் உயரும் என்றார்.

தேவநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து வருஷமாக அவன் கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது அரைக் கிலோ ஜாங்கிரியோடு வீடு தேடி வந்திருக்கிறது. தன் பெயருக்குப் பதிலாகத் தங்கை பெயர், அதுவும் முதல் நாளிலிருந்தே. உள்ளே ஓடிப் புதுப் பேனா எடுத்துவந்தான். செய்தித்தாளின் ஓரத்தில் கிறுக்கி மை சீராக வருகிறதா என்று பார்த்தான். மாதத்துக்கு இருபத்தாறு நாள் வீதம் சுமார் ஆயிரத்து ஐந்நூறு கையெழுத்து, கை வலிக்காமல் போட நான்கு நாள் ஆகும் என்று சொல்லி, எந்த நாள் எந்த வருஷம் என்பதையும் பிரித்துவிட்டான். புஷ்பவள்ளி சந்தோஷத்தில் இரண்டாவது ஜாங்கிரியைக் கடித்தாள்.

இளமதி பேனாவை வாங்கிக்கொண்டாள். முதல் பக்கத்தில் போடாமல் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். 2007 மார்ச் 19 வந்ததும் நிறுத்தினாள்.

"இதுல போட்டா, அந்த மெட்டு யாருது சார்?"

"நம்ம டிவியுது பாப்பா" என்றார் பாலகுமார். ஜாங்கிரித் தட்டைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

"போடலன்னா?"

அவர் ஜாங்கிரித் தட்டை மறுபடியும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அறையில் யாரும் மெல்லவில்லை.

தேவநாதன் அப்போதும் அவள் பக்கம் சாய்ந்து, போடும்மா என்றான். அஞ்சு வருசம் எம் பேரையே எழுதினது போதாதா, இனிமே உம் பேரு இருக்கட்டும் என்று கெஞ்சினான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்குத்தாண்ணா போடல. அஞ்சு வருசம் ஒம் பேரப் போட்டேன். மொதமொதலா எம் பேரப் போடறது, நான் பண்ணினத வேற ஆளுக்குத் தூக்கிக் குடுக்கறதுக்கா?"

தேவநாதன் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடியைப் போட்டான். இவ்வளவு நாளும் தான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கட்டத்துக்குள் அவள் பெயர், அவ்வளவுதான் என்று அவனுக்குப் புரிந்தது. அவள் கேட்டது அதைவிடப் பெரியது. தான் தோற்றுவிட்டோம் என்பது தெரிந்ததும் அவனுக்கு உள்ளுக்குள் அந்த மெட்டே 132-இல் ஓட ஆரம்பித்துவிட்டது.

அவன் எழுந்து பீரோவைத் திறந்தான். சிப்காட்டில் சேர்ந்த நாளிலிருந்து அவனுடைய ஷிப்ட் சீட்டுகள் எல்லாம் மாதவாரியாக ரப்பர் பேண்டு போட்டு அங்கே இருந்தன. 2007 மார்ச் கட்டை எடுத்தான். 19-ஆம் தேதி, முதல் ஷிப்ட், காலை ஆறு முதல் இரண்டு, சு. தேவநாதன், இடம் கடலூர். அதை ஜாங்கிரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

மரியாதையாகவே சொன்னான். பழைய ரிஜிஸ்டரைக் காட்டினால் மெட்டுப் போட்டது தேவநாதன் என்று ஆகும். தேவநாதன் அந்த நேரத்தில் கடலூரில் பைப்புக்கு வால்வு மாட்டிக்கொண்டிருந்தான், அதற்குச் சீட்டு இருக்கிறது. புது ரிஜிஸ்டரில் இளமதி போட மாட்டாள். ஆகவே அந்த மெட்டைப் போட்டவள் தேர்முட்டி டிவிக்கு யாரோ ஒருத்தி.

பாலகுமார் சீட்டைப் பார்த்தார், தன் புதுப் பதிவேட்டைப் பார்த்தார். அவருடைய தொப்பை முதலில் குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. "மச்சான், நாலு நாள் அலைய சோம்பேறித்தனப்பட்டேன். அதுக்கு இதுவா" என்றார். சிரித்து ஓய்ந்ததும் முகத்தில் கவலை வந்தது. அப்போ நாளையிலிருந்து தன் டிவியில் என்ன போடுவது, மறுபடியும் சங்கா என்று கேட்டார்.

இளமதி யோசிக்கவே இல்லை. தேர்முட்டி டிவி உள்ளவரை மூன்று வேகத்திலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றாள். ஆனால் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையில் போட்டால் நோட்டீஸ் வரும் என்றாள். நான்கு பக்கத்துக்கா என்று பாலகுமார் கேட்டார். அஞ்சு பக்கம் என்றாள்.

பத்து நாள் கழித்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் நோட்டரி வக்கீல் எழிலரசியின் ஆபீஸில் எல்லோரும் கூடினார்கள். கதிரவன் சென்னையிலிருந்து படிவத்தோடு வந்திருந்தான். மங்கலமும், நான் சொல்லித்தானே இதெல்லாம் ஆச்சு என்று வேனில் ஏறி வந்துவிட்டாள். தேவநாதன் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். இரண்டு பேப்பர். ஒன்று சென்னைக்கு, ஒன்று பாலகுமாருக்கு. தனக்குத்தான் முதலில் வேண்டும் என்று பாலகுமார் அடம் பிடித்தார். பின்னாளில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வாங்குவார்கள், முதல் லைசென்ஸ் தன் கையில் இருக்க வேண்டும் என்றார்.

எழிலரசி முத்திரைத்தாளைத் தள்ளிவைத்து, இசையமைத்தவர் என்று இருந்த இடத்தை விரலால் காட்டினார். இளமதி பேனாவை வைத்தாள். கை தன்பாட்டுக்கு ஓடியது. 'சு. தேவ' வரை போய், 'வ'வின் வாலையும் சுழித்த பிறகுதான் நின்றது.

முதலில் சிரித்தவள் மங்கலம். அவளுக்குப் படிக்கத் தெரியாது, எல்லோர் முகத்தையும் பார்த்துத்தான் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. எழிலரசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முத்திரைத்தாள் கெட்டுவிட்டது. பாலகுமார், இந்தத் தப்புக்கு முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று சொல்லிவிட்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புது முத்திரைத்தாள் வாங்க ஓடினார்.

புதுத் தாள் வந்து, எழுதி முடித்து, மறுபடி அவள் முன்னால் வைத்தார்கள். பள்ளிக்கூட ஹால் டிக்கெட்டில் போட்டதை தேவநாதன் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஆள் அவள்தானா என்று பார்ப்பதற்காகப் போட்டது. தான் செய்த ஒன்றுக்குக் கீழே, இது என்னுடையது என்று, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, 58-ஐவிட மெதுவாக, சு. இளமதி என்று அவள் முதன்முதலில் கையெழுத்துப் போட்டது 2010 ஜூலை 14, புதன்கிழமை.